தண்ணீர் அவங்களது, மிஷின் நம்மது: தமிழ்நாட்டு நீர்மின் துறையின் கதை

அன்னி பெசன்ட் அம்மையாருக்கும் மின்சாரத்துக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் நம் பெசன்ட் நகர் குடியிருப்பின் பெயரில் தொடங்கி, தமிழ்நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையத்துக்குப் போய்ச் சேர நடுவில் ஒரே ஒரு ஆள்தான். அவர் சி.பி. ராமசாமி ஐயர். சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி யார் பொறுப்பில் வளர்வது என்ற வழக்கில், தகப்பனார் நாராயணையாவுக்காக அம்மையாரை எதிர்த்து நின்ற வக்கீல். சில வருஷத்திலேயே ஹோம் ரூல் இயக்கத்தில் அதே அம்மையாருக்கு வலக்கை ஆனார். 1923 முதல் 1928 வரை சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர். பதவியின் பெயர் சட்டம் என்றாலும் பாசனமும் துறைமுகமும் அவர் மேஜைக்குத்தான் வந்தன. பைக்காரா, மேட்டூர் ஆகிய இரண்டு திட்டங்களும் கோப்பிலிருந்து களத்துக்கு இறங்கியதில் அவருடைய பங்கு பெரிது.

இந்த மலருக்காக என்னிடம் கேட்கப்பட்டது பெசன்ட் நகருக்கு மின்சாரம் வந்த கதை. அதை எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள். மாலை நேரத்தில் எலியட்ஸ் கடற்கரையில் நடந்தால் மின்வாரிய ஓய்வூதியர்கள் நாலைந்து பேரையாவது பார்க்கலாம். பகிர்மானம், சப்ஸ்டேஷன், கேபிள் எல்லாம் அவர்கள் பாடு. நான் ஹைட்ரோ ஆள். உத்தியோக காலம் பெரும்பாலும் மலையில் கழிந்தது. அதனால் கம்பி இங்கே வந்து சேர்ந்த கதையை அவர்களுக்கு விட்டுவிட்டு, அது புறப்பட்ட இடத்தின் கதையை எழுதுகிறேன்.

ஹைட்ரோவில் ஒரு பேச்சு உண்டு: தண்ணீர் அவங்களது, மிஷின் நம்மது. 'அவங்க' என்றால் அப்போதைய பொதுப்பணித் துறை. அணையைக் கட்டியதும், மட்டத்தைப் பார்த்ததும், ஷட்டரைத் திறந்ததும் அவர்கள். திறந்த தண்ணீர் கீழே போகிற வழியில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போனால் நமக்கு மின்சாரம். எங்கள் துறையின் தொண்ணூற்றுச் சொச்ச வருஷ வரலாற்றில் பாதியை இந்த ஒரு வரியே சொல்லிவிடும். மற்றப் பாதி, இந்த வரி செல்லுபடியாகாத இடங்களில் நடந்தது.

முன்கதை சுருக்கமாக. மைசூர் சமஸ்தானம் 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது. நம் பக்கம் நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, காட்டேரி அருவியைக் கொண்டு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டது. சென்னைப் பட்டணத்துக்குத் தனியார் கம்பெனியான மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன், பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து விளக்குக்கும் டிராமுக்கும் மின்சாரம் கொடுத்தது. அரசாங்கம் தனக்கென்று மின்துறை வைத்துக்கொண்டது 1927இல்தான்.

சிவசமுத்திரத்தை இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே சொல்ல வேண்டும். கோடையில் காவிரி இளைத்தால் கோலாரில் மிஷின் நிற்கும். வருஷம் முழுக்க ஒரே சீராகத் தண்ணீர் வேண்டுமானால் மேலே அணை வேண்டும். 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகருக்குப் பாசனம் ஒரு காரணம் என்றால், இந்தத் தேவை இன்னொரு காரணம். சென்னை மாகாணம் ஆட்சேபித்தது, நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு, கடைசியில் 1924 பிப்ரவரி 18 ஒப்பந்தம் என்று போனது கதை. காவிரிச் சண்டையைப் பேசுகிறவர்கள் நெல்லையும் கரும்பையும் மட்டும் பேசுகிறார்கள். அதன் வேரில் மின்சாரமும் இருக்கிறது.

பைக்காரா 1932இல் ஓடத் தொடங்கியது. நீலகிரி மேட்டில் ஓடும் ஆற்றை மடக்கி, கிளென்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களில் மலைச்சரிவோடு இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் பெல்டன் சக்கரத்தின் மேல் பீய்ச்சுகிற ஏற்பாடு. இறக்கம் சுமார் 3,000 அடி. அந்தக் காலத்தில் இத்தனை உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது உலகத்திலேயே அபூர்வம்.

சிங்காராவுக்குப் போகக் காட்டு வழிச் சாலை உண்டு. எங்களுக்கு அதைவிடப் பழக்கமானது விஞ்ச். தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி, அதைப் பிடித்திருக்கும் எஃகு வடம், மேலே வடத்தைச் சுற்றி எடுக்கும் உருளை, இவ்வளவுதான். இருக்கைகள் படிக்கட்டு மாதிரி ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும். சரிவு செங்குத்தாகும் இடத்தில் புதிதாக வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மேலே வண்டியில் ஏறும்போது ஸ்வெட்டரும் மஃப்ளரும். பக்கத்து ஆள் முகம் தெரியாத மேகம். பாதி வழியில் மேகம் மேலே நின்றுவிடும், காதடைக்கும், கீழே முள்காடு தெரியத் தொடங்கும். சிங்காராவில் இறங்கும்போது சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். கூடவே அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, கீழே ஷிஃப்டுக்குப் போகிறவரின் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் இறங்கும். பக்கவாட்டில் பென்ஸ்டாக் குழாய்கள் கூடவே வரும். மிஷின் ஓடும் நாளில் குழாயில் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய அதிர்வு இருக்கும். அதைத் தொட்டே எத்தனை மிஷின் ஓடுகிறது என்று சொல்லும் ஃபோர்மேன்கள் இருந்தார்கள்.

பைக்காரா மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த பெரிய ஊர் கோயம்புத்தூர். 1930களில் அங்கே நூற்பாலைகள் மளமளவென்று பெருகியதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பைக்காராவின் கணக்கில்தான் எழுதுவார்கள். சரிதான். ஆனால் ஆலைகளைவிட நெடுங்காலம் நின்ற விளைவு வேறு. கம்பி தோட்டத்து வழியாகப் போனது. கவலை மாடு பூட்டி இறைத்த விவசாயி மோட்டார் போட்டார். கொங்கு நாட்டில் ஆரம்பித்த பம்புசெட் மாகாணம் முழுக்கப் பரவி, விவசாய மின் இணைப்பில் இந்தியாவுக்கே தமிழ்நாடு முன்னோடியானது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று 20 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். கிணறு ஆழ்துளையானது, ஆழ்துளை இன்னும் ஆழத்துக்குப் போனது. அணையால் என்ன விளைவு என்று கேட்டால் எல்லோரும் ஆற்றைப் பார்க்கிறார்கள். பைக்காராவின் மிகப் பெரிய விளைவு பூமிக்கு அடியில் இருக்கிறது. அதை அளந்துகொண்டிருக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அலுவலகம் நம் ராஜாஜி பவனில் இருக்கிறது என்பதை, அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி மேட்டூர். 1925இல் தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று கவர்னர் ஸ்டான்லி திறந்து வைத்தார். 120 அடி, 93.47 டி.எம்.சி. அணையடி மின் நிலையம் 1937இல் வந்தது. அதன் பின்னாலேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் போன்ற ஆலைகள் வந்தன. 1965, 66இல் சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட்டோடு சேர்ந்தது. கணக்குக்குக் கம்பீரம்தான். ஆனால் மேட்டூரில் எந்த மிஷினும் தன்னிஷ்டத்துக்கு ஓடியதில்லை. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது குறுவையும் சம்பாவும் போட்ட கால அட்டவணை. டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தால் மின்சாரம். அங்கே மழை பெய்து தண்ணீர் வேண்டாம் என்றால் உற்பத்தி குறையும், சென்னையில் எத்தனை தொழிற்சாலை காத்திருந்தாலும் சரி. புதிதாக வந்த உதவிப் பொறியாளருக்கு இது விசித்திரமாகத் தெரியும். அணை நிரம்பி நிற்கும், மிஷின் சும்மா நிற்கும். 'என்ன சார் இது' என்று கேட்டால், மூத்தவர்கள் மேலே சொன்ன அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு டீ சொல்லுவார்கள்.

எனக்கு இதில் வருத்தம் கிடையாது. மின்சாரம் அங்கே அடங்கித்தான் நடக்க வேண்டும். கீழே தஞ்சாவூர் இருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சட்டசபையில் குரல் இருக்கிறது, ஒப்பந்தமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன.

அப்படியிருந்தும் கேட்க ஆளில்லாதவை அங்கேயும் போயின. கடலிலிருந்து காவிரியில் எதிரேறி வரும் உல்லம் மீனுக்கு மேட்டூர் ஒரு முட்டுச் சுவர். வங்காளத்துக்காரர்கள் உயிரை விடும் அதே ஹில்சாதான். அணைக்கு மேலே அது இனி இல்லை என்றானது. மேட்டூர் மீன் என்றால் கோதாவரிப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்ட கட்லா என்றானது. கல்லணைக் கால்வாய், ஊர்க்காரர்கள் வாயில் 'புது ஆறு', மேட்டூர் திட்டத்தோடு வெட்டப்பட்டு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களை வயலாக்கியது. கூடவே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930களில் பட்டுக்கோட்டைக்கு வந்து ஆராய்ந்தது அதைத்தான். வாய்க்காலை எங்கே தேங்கவிட்டோம், கொசு எங்கே முட்டையிட்டது என்று தேடிப்போன வேலை அது. பாசனப் பொறியாளர்கள் அந்த ஆய்வுகளைப் படித்தார்களோ இல்லையோ, உலகத்து மலேரியா நிபுணர்கள் படித்தார்கள்.

நீரில் மூழ்கிய ஊர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலை காட்டும். கோடை வந்தால் டி.வி. கேமராக்கள் வந்துவிடும். நந்தியைக் காட்டுகிறார்கள். அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வண்டல் இன்னொரு விஷயம். டெல்டாவுக்குப் போக வேண்டிய மண் அணையில் படிகிறது. அணை கட்டி 83 வருஷம் கழித்து 2017இல்தான் மேட்டூரில் முதல் தடவையாகத் தூர் எடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்து பாபநாசம் மின் நிலையம், 1944. தாமிரபரணியிலும் இதே சட்டம்தான், பாசனம் முதலில். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டியது. அதன் தண்ணீரில் மின்சாரம் எடுக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. லோயர் கேம்ப் மின் நிலையத்துக்காகக் கேரளத்தோடு 1970இல் தனி ஒப்பந்தம் வேண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கும் வைகைப் பாசனமும் அங்கே மிஷினை ஆள்கின்றன.

மலையில் கதை வேறு.

1957 ஜூலை 1 அன்று அரசு மின்துறை, சென்னை மாநில மின்வாரியமானது. காமராஜர் முதல்வர், தொழில் அமைச்சர் ஆர். வெங்கடராமன். வாரியத்துக்கு முதல் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது குந்தா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு கட்டியது. 1960, 61இல் மின்சாரம் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று மேட்டில் வரிசையாக நீர்த்தேக்கங்கள். ஒரே தண்ணீர் குந்தாவில் ஒரு தடவை, கெத்தையில் ஒரு தடவை, பரளியில், பில்லூரில் என்று இறங்க இறங்க மிஷின் சுற்றும். கடைசியில் பவானிசாகருக்குப் போய் ஈரோட்டு விவசாயிக்கு. பில்லூரில் கோயம்புத்தூருக்குக் குடிநீரும் எடுக்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் இதைவிட அழகான காரியம் தமிழ்நாட்டில் நடக்கவில்லை என்பேன். 5,000 அடிக்கு மேல் இறக்கம், ஒரு சொட்டும் வீணில்லை.

ஆனால் அந்த மேட்டில் ஆயக்கட்டு இல்லை. அணை கட்டாதே, தண்ணீரை நிறுத்தாதே என்று தஞ்சாவூர்க்காரர் சொல்ல முடிந்த மாதிரி சொல்ல அங்கே ஆள் இல்லை என்று எங்கள் துறை எடுத்துக்கொண்டது. ஆள் இருந்தார்கள். தோடர்களின் மந்துகளும் எருமை மேய்ந்த புல்வெளிகளும் இருந்தன, படுகர் ஊர்களும் இருந்தன. புல்வெளியும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடும் இடம். நீர்த்தேக்கங்கள் மூழ்கடித்ததும் அதையே. வனத்துறை வேறு பக்கத்துப் புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நட்டுக்கொண்டிருந்தது. சரிவுகளில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற ஏற மண் கரைந்து வந்தது. குந்தாவிலும் பில்லூரிலும் சேறு சேர்ந்து கொள்ளளவு குறைந்தது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சேற்றோடு வரும் நுண்மணல் டர்பைனையும் தின்னும். வருஷாந்திர ஓவர்ஹாலில் சக்கரத்தின் பக்கெட்டைக் கையால் தடவிப் பார்த்தால், பளிங்கு மாதிரி இருக்க வேண்டிய எஃகு அம்மை வடுவாக இருக்கும். அதில் வெல்டிங் வைத்து, தேய்த்து, மறுபடி பளபளப்பாக்குவதற்குள் இரண்டு பேருக்குத் தோள் போய்விடும்.

மலையில் யாரும் கேட்காதவர்களில் யானைகளும் உண்டு; சிங்காரா, மசினகுடிப் பக்கம் அதைப் பார்க்கலாம். சிகூர் பீடபூமி யானைகள் போய்வரும் தடம். அதன் குறுக்கே எங்கள் பென்ஸ்டாக் குழாய்களும், மாயாறு மின் நிலையத்துக்குத் தண்ணீர் போகும் கால்வாயும். யானைக்கு நடக்க மேலே பாலம் போடலாம், போட்டும் இருக்கிறார்கள்; ஆனால் தடம் என்பது நாம் சொல்லும் இடத்தில் யானை நடப்பது அல்ல. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடமும் சிங்காராதான். பைக்காரா இறுதிநிலைத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து 2005இல் 150 மெகாவாட் நிலையத்தை பூமிக்கு அடியில் அமைத்திருந்தார்கள். பாறை நல்ல பாறை என்று தெரிந்திருந்தது. 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த இடத்துக்கு அனுமதி மறுத்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம் என்பது காரணம். பைக்காரா கட்டியபோது யாரும் கேட்காத கேள்வி 2009இல் கேட்கப்பட்டது. ஹைட்ரோ ஆளாக எனக்கு அது இனிக்கவில்லை, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் குடியிருப்புக்கு வருகிறேன். வீட்டு வசதி வாரியம் 1970களில் இங்கே மனையும் வீடும் கொடுத்தபோது, மாநிலத்தின் மின்சாரத்தில் மலைத் தண்ணீரின் பங்கு இன்னும் கணிசமாக இருந்தது. பருவமழை பொய்த்த வருஷங்களில் மின்வெட்டு. 'மழை இல்லே, அதான் கரண்ட் இல்லே' என்று அந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். மழையை நம்பி இருக்க முடியாது என்றுதான் நெய்வேலியும் எண்ணூரும் கல்பாக்கமும் வந்தன. அவை வந்த பிறகு ஹைட்ரோ மெல்ல ஒதுங்கியது. இன்று தமிழ்நாட்டின் நீர்மின் திறன் 2,300 மெகாவாட் அளவு. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

ஒதுங்கிய ஹைட்ரோவுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. காரணம் சூரிய மின்சாரம். பகலெல்லாம் கொட்டும், ஆறு மணிக்குக் காணாமல் போகும். அந்த நேரத்தில்தான் பெசன்ட் நகரில் ஏ.சி.யும் கடற்கரைக் கடைகளின் விளக்கும் போடுகிறார்கள். அனல் மிஷினை அவசரத்துக்கு ஏற்ற முடியாது, மணிக்கணக்காகும். பெல்டன் மிஷின் நாலைந்து நிமிஷத்தில் லோடு எடுக்கும். ஆனைமலையில் பூமிக்கு அடியில் இருக்கும் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது. தேவை குறைந்த நேரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடிய நேரத்தில் இறக்கும். கட்டியபோது ராத்திரி ஏற்றுவது என்று கணக்கு. இப்போது உச்சி வெயிலில் ஏற்றினால்தான் லாபம்.

அதே வழியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சில்லஹல்லாவில் இன்னொன்று, 1,000 மெகாவாட், திட்டத்தில் இருக்கிறது. இந்தத் தடவை மலை சும்மா இல்லை. தங்கள் நிலமும் ஓடையும் போகும் என்று படுகர் ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டி மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். எதிர்ப்பை வளர்ச்சிக்கு விரோதம் என்று எங்கள் பழைய ஆட்கள் சிலர் பேசக் கேட்கிறேன். மேகதாதுவில் 400 மெகாவாட் மின்சாரமும் 67 டி.எம்.சி. தேக்கமும் என்று கர்நாடகம் சொல்லும்போது, கீழே இருக்கும் நாம் ஆட்சேபிப்பது எந்த உரிமையில்? அதே உரிமைதான் அது.

துறையின் பெயர்ப் பலகை இதற்குள் பல தடவை மாறிவிட்டது. 2010 நவம்பரில் வாரியம் பிரிந்து டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ. 2024இல் மறுபடி பிரித்தபோது நீர்மின் நிலையங்கள் காற்றோடும் சூரியனோடும் சேர்ந்து தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்குப் போய்விட்டன.

2032இல் பைக்காராவுக்கு நூறு வயது. அரசு மலர் போடும், கவர்னர்கள் பெயரும் தலைமைப் பொறியாளர்கள் பெயரும் அதில் வந்துவிடும். வராதவை சில இருக்கின்றன: குந்தாவில் சுரங்கம் குடைந்த கூலியாட்களின் கூட்டம் எந்த ஊர்களிலிருந்து வந்தது, எத்தனை பேர் திரும்பிப் போகாமல் மலையிலேயே தங்கினார்கள், எமரால்டு நிரம்புமுன் அந்த இடத்தில் யாருடைய எருமை மேய்ந்தது. இந்தக் குடியிருப்பில் மின்வாரியக் குடும்பங்கள் நிறைய. அப்பா, தாத்தா காலத்து கேம்ப் புகைப்படம், ஷிஃப்ட் லாக் புத்தகம், கனடாக்காரர்களோடு எடுத்த குரூப் போட்டோ, மஞ்சூர் குவார்ட்டர்ஸிலிருந்து எழுதிய கடிதம் எதுவானாலும் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் நம் குடியிருப்புச் சங்க அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தால் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்; பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.